நின்றதா, நிறுத்தினாளா?

தமிழிலக்கணத்தைப் பள்ளியளவிற் கற்றவரும் தன்வினை, பிறவினை என்னும் பாகுபாட்டை அறிவர். ‘நின்றது’ என்பது தன்வினை. ‘நிறுத்தினாள்’ என்பது பிறவினை. முன்னதில் ஒரு நிகழ்ச்சி மாத்திரமே உண்டு. பின்னதில் அந்நிகழ்ச்சியை உண்டாக்கிய ஒருவரும் உண்டு. அவ்வாறு ஒருவர் உளரெனில் அவரை நோக்கி ‘ஏன்?’ என வினவலாம். அவரைப் புகழலாம், பழிக்கலாம். அறவியல் தொடங்கும் இடம் இதுவேயாகும்.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டப்புறத்திலே, குழந்தையின் வளர்ச்சி அட்டையை மடியில் விரித்தபடி மருத்துவமாது கேட்கும் கேள்வி பெரும்பாலும் பிறவினையிலே அமைகின்றது: “எத்தனை மாசத்துல தாய்ப்பால நிப்பாட்டினீங்க?” தாய் தரும் விடையோ தன்வினையில் வருகின்றது: “நான் நிப்பாட்டலீங்க, பால் நின்னு போச்சுங்க.” அவ்விடையைச் சாக்குப்போக்கு என்று கொள்வார் பலர், அறியாமை என்று கொள்வார் சிலர். அது ஒரு வாதம் என்று கொள்வார் அரியர். தாயர் தாய்ப்பாலூட்டலை உரிய காலத்திற்கு முன்னரே கைவிடுவதேன் என்னும் வினா மருத்துவர்க்கும் சமூகவியலாளர்க்கும் உரியதென்றே இதுகாறும் கருதப்பட்டுவந்துள்ளது. அவ்வினாவினுள் ‘கைவிடுதல்’ என்ற சொல் நுழைந்த கணத்திலேயே ஒரு தீர்ப்பும் உடன் நுழைந்துவிட்டது என்பதை நாம் கவனிப்பதில்லை. அத்தீர்ப்புச் செல்லுமா என்பதே இங்கு ஆராயப்படுவது.

தோட்டம் என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது நுவரெலியாவின் தேயிலைச் சரிவு. சப்பிரகமுவவின் தோட்டங்கள் வேறு வகையின. எட்டியாந்தோட்டை, தெகியோவிட்ட, தெரணியகலை, புலத்கொஹுபிட்டிய முதலிய பகுதிகளிலும், தெற்கே காவத்தை, இறக்குவானைப் பக்கத்திலும் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்துக் காணப்படுவன. சிங்களக் கிராமங்களிடையே சிறு சிறு தீவுகள்போலத் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. வீட்டில் தமிழும் கடைவீதியில் சிங்களமுமாக வாழும் இம்மக்களைப் பற்றி மலையகம் குறித்து எழுதுவோரும் அதிகம் எழுதுவதில்லை. நமது வினாவுக்கு இவ்விடத்தைத் தெரிந்தமைக்குக் காரணம் இறப்பரேயாம்.

தோட்டத்து வழக்கில் ‘பால்’ என்ற சொல் இருவகைப் பாலுக்கும் பொது. ‘பால் வெட்டப் போயிருக்கா’ என்றால் இறப்பர் மரத்திற்குப் போயிருக்கிறாள் என்பது பொருள். இறப்பர் மரத்தின் பால் விடியற்காலையிலேயே நன்கு வடியும். இரவின் குளிர்ச்சியில் மரத்தின் கலங்களில் நீரழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது தளரும். ஆதலால் பால் வெட்டுபவள் இருள் பிரியும் வேளையிலேயே மலையில் நிற்றல் வேண்டும். ஏறத்தாழ 300 மரங்கள் ஒருவர் பொறுப்பில் விடப்படுவது வழக்கம். ஒவ்வொன்றிலும் பட்டையைச் சீவிச் சிரட்டையை வைத்து முடித்து, வடிந்து நிற்கும்வரை பொறுத்து, மீண்டும் அதே மரங்களைச் சுற்றிவந்து பாலைச் சேர்த்து, அது உறைவதற்கு முன்னர் நிறுவைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். இடையில் மழை வந்தால் அன்றைய பால் கழுவுண்டு போகும். நாட்பெயர் அரைப்பெயராகவும் கூடும். விடியல் முதல் நண்பகல் வரையிலான இப்பொழுது, மூன்று நான்கு மாதக் குழந்தை இரண்டு மூன்று முறையேனும் பசித்து அழும் பொழுது.

இங்கே உடற்கூற்றைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஏனெனில் தாயின் தன்வினை வாக்கியம் உண்மையா அன்றா என்பது அதிலேதான் தங்கியுள்ளது. தாயின் மார்பு நிரப்பிவைத்த பாத்திரமன்று. குழந்தை உறிஞ்சும்போது கபச்சுரப்பியிலிருந்து புரோலக்டின், ஒட்சிற்றோசின் என்னும் ஓமோன்கள் வெளிப்படுகின்றன. ஒன்று பாலை ஆக்குவிக்க, மற்றது அதனை வெளியே செலுத்துகின்றது. பால் வெளியேறாது தேங்கினால், அத்தேக்கமே ‘இனி இவ்வளவு வேண்டா’ என்னும் கட்டளையாகிச் சுரப்பைக் குறைக்கின்றது. நாள்தோறும் ஐந்தாறு மணிநேரம் குழந்தையைப் பிரிந்திருக்கும் தாய்க்குச் சில வாரங்களிற் பால் குறைவது அவளது மனவுறுதியின் குறையால் அன்று. மெலிந்தவளுக்குப் பால் ஊறாது என்ற எண்ணமும் பெரும்பாலும் பிழையானது. கடும் பட்டினியிலன்றி ஊட்டக்குறைவு பாலின் அளவைப் பெரிதும் குறைப்பதில்லை. தாயுடல் தன் சேமிப்பை அழித்தேனும் பாலை ஆக்கும். குறைவது பால் எடுக்கும் தடவை. ஆகவே ‘நின்னு போச்சு’ என்பது, உடலியல் நோக்கில், நம் அறிக்கைகளின் ‘நிறுத்தினாள்’ என்பதனினும் செம்மையான வாக்கியம்.

இறப்பர் மரத்திற்கோ விதி நேர்மாறானது. அதற்கு ஓய்வு கொடாமல் வெட்டினால் பட்டை வறண்டுபோகும். ஆகையினாலேதான் ஒரு நாள் வெட்டி மறுநாள் விடும் முறை வகுக்கப்பட்டது. மரத்தின் பால் வற்றாமலிருக்கத் தோட்டம் நாட்காட்டி வைத்துக் கணக்குப் பார்க்கின்றது.

தாய்க்கும் கணக்கு இல்லாமலில்லை, சட்டம் இருக்கின்றது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் தோட்டத் தொழிலாளப் பெண்ணுக்கு 12 வாரங்கள் சம்பளத்துடன் விடுமுறை வழங்குகின்றன. அதில் இரண்டு வாரம் பேற்றுக்கு முன்னரும் பத்து வாரம் பின்னரும் கழிப்பதற்கானவை. மூன்றாவது பிள்ளைக்கும் அதற்குப் பின் பிறப்பவற்றுக்கும் பாதி விடுமுறையே என்றிருந்த ஏற்பாடு 2018ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீங்கிற்று. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுடைய தாய்க்கு ஒன்பது மணிநேர வேலையில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு: பிள்ளைமடுவம் உள்ள இடத்தில் அரைமணி வீதமும், இல்லாத இடத்தில் ஒரு மணி வீதமும். நல்ல சட்டமே. ஆயின் அது நிமிடங்களில் எழுதப்பட்டுள்ளது; மலையோ கட்டைகளில் அளக்கப்படுவது. செங்குத்தான சரிவில் இறங்கிப் பிள்ளைமடுவத்தை அடையவும், மீண்டும் ஏறவும் அரைமணி போய்விடுமாயின், இடைவேளை நடைக்கே உரியதாகும், பாலுக்கு உரியதன்று. சிற்றுடைமைத் தோட்டங்களிற் கைக்காசுக்கு வேலை செய்யும் பெண்ணுக்கோ இதுவும் எட்டுவதில்லை. அவளை வேலைக்கு வைத்தவரே சில வேளை அரை ஏக்கர் இறப்பரை வைத்துக் கடனோடு போராடுபவராக இருப்பார்.

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது 2001 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இலங்கையும் அதனையே கைக்கொண்டுள்ளது. ஆறு மாதமென்பது 26 வாரம். சட்டம் தாயைப் பேற்றின் பின் வீட்டிலிருக்க விடுவது 10 வாரம். இடையில் நிற்கும் 16 வாரங்களுக்கு யார் பொறுப்பு? ஒரே அரசின் ஒரு கை ஒரு கடமையை விதிக்கின்றது. மறு கை அக்கடமையை நிறைவேற்றுதற்கு வேண்டிய காலத்தை விதிக்க மறந்துவிடுகின்றது. செய்யவேண்டும் என்பது செய்யக்கூடும் என்பதை உட்கொண்டது என்னும் கருத்தை மெய்யியல் மாணவர் காந்தின் பெயரோடு சேர்த்துப் படிப்பதுண்டு. அதனைச் சோதித்துப் பார்க்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இதனை இன்னொரு வகையாலும் நோக்கலாம். ஒரே கொள்ளுப்பாட்டியின் வழிவந்த மூன்று பெண்களை எண்ணிக்கொள்வோம். ஒருத்தி எட்டியாந்தோட்டைப் பக்கத்தில் பால் வெட்டுகின்றாள். இரண்டாமவளின் பாட்டனார் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்றவர். தாயகம் திரும்பியோருக்கென நீலகிரியில் அமைக்கப்பட்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தில் அவள் தொழில் பார்க்கின்றாள். மூன்றாமவள் படித்து முன்னேறி இரத்தினபுரியில் அரசாங்க உத்தியோகம் வகிக்கின்றாள். 2017ஆம் ஆண்டின் இந்தியத் திருத்தச் சட்டம் இரண்டாமவளுக்கு முதலிரு பிள்ளைப்பேற்றுக்கும் 26 வாரங்களைத் தருகின்றது. மூன்றாமவளுக்குத் தாபனக் கோவையின்படி முழுச் சம்பளத்துடன் 84 நாளும், வேண்டின் அரைச் சம்பளத்துடன் 84 நாளும், மேலும் சம்பளமின்றி 84 நாளும் உண்டு. முதலாமவளுக்கு உரியதை முன்னரே கண்டோம். மூவர்க்கும் உடல் ஒன்று, அன்பு ஒன்று, குழந்தையின் பசியும் ஒன்று. நான்காம் மாத முடிவில் மூவரையும் பார்த்து, முதலாமவளை மாத்திரம் ‘பொறுப்பற்ற தாய்’ என்று சொல்ல நா எழுமாயின், நாம் அளப்பது தாய்மையை அன்று, விடுமுறையை.

விருப்பச் செயல், விருப்பமில் செயல் என்பவற்றைப் பிரித்துக்காட்டும் அரிஸ்டோட்டில், நிக்கொமாக்கிய அறநூலின் மூன்றாம் புத்தகத்தில் இரண்டிலும் அடங்காத ஒன்றைக் கொணர்கின்றார். புயலிற் சிக்கிய மாலுமி சரக்கைக் கடலில் எறிகின்றான். கை அவனுடையது, முடிவும் அவனுடையது, எனினும் நல்ல வானிலையில் எவனும் அதனை விரும்பிச் செய்யான். இதனைக் கலப்புச் செயல் என்கின்றார் அவர். துறைமுகத்தில் வந்திறங்கிய மாலுமியிடம் ‘சரக்கை மதிக்கத் தெரியாதவனே’ என்று எவரும் சொல்வதில்லை. புயலைப் பற்றியே விசாரிப்பர். நான்கு மாதத்தில் பால்மா கரைத்துக் கொடுக்கும் தோட்டத்துத் தாயும் சரக்கை எறிந்தவளே. அரைப்பெயர் வாங்கினால் மூத்த பிள்ளைக்குச் சோறில்லை. முழுப்பெயர் வாங்கினால் இளையதற்குப் பாலில்லை. அவளிடம் மாத்திரம் நாம் புயலைப் பற்றி விசாரிப்பதில்லை. தோட்டத்தில் புயல் நாள்தோறும் வீசுவதால் அது புயலென்றே நமக்குத் தோன்றுவதில்லை போலும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பு. அதே தோட்டத்தில், அதே மலையில் வேலை செய்யும் வேறு சில தாயர் ஆறு மாதம்வரை ஊட்டத்தானே செய்கின்றனர்? நாடு முழுவதையும் நோக்கினும், ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே பெற்றனர் என்று 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீடு காட்டுகின்றது. உலகிலே மிக உயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று. அவர்களால் இயலுமெனில் இவளால் ஏன் இயலாது? இம்மறுப்பைத் தோட்டத்துப் பெண்களே ஒருவர்மீதொருவர் கூறக் கேட்கலாம் என்பதால் இதனை இலேசாகத் தள்ளிவிட இயலாது.

முதலில் எண்ணைப் பற்றி. அது அளவீட்டுக்கு முந்திய ஒரு நாளில் குழந்தை என்ன உண்டது என்பதைக் கேட்டு, பிறந்த குழந்தை முதல் ஐந்து மாதம் நிறைந்த குழந்தைவரை எல்லாரையும் சேர்த்துக் கணித்தது. தாய் வேலைக்கு மீளும் மாதங்களில் நிகழ்வது சராசரியில் மறைந்துவிடும். இனி அந்த மற்றத் தாயரைப் பற்றி. அவர்களது நிலையை அணுகி நோக்கின், ஒருத்தியின் லயம் மலையடிவாரத்திலேயே இருக்கும். ஒருத்திக்கு ஓய்வுபெற்ற மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலைக்கே வருவார். ஒருத்தியின் கங்காணி கண்ணை மூடிக்கொள்வார். சிலர், ஐயமில்லை, அளவிறந்த உழைப்பால் சாதிக்கின்றனர். அவர்களைப் போற்றுவோம். ஆனால் அரிய ஆற்றலை எல்லோர்க்கும் உரிய அளவுகோலாக்குவது நீதியாகாது. பத்துப் பேர் நீந்திக் கரையேறினர் என்பதற்காகப் பாலம் வேண்டா என்று எவரும் வாதிடுவதில்லை.

வசதியுடைய தாயர் விடயம் என்ன? நகரத்து வீட்டில், உதவிக்கு ஆள் இருக்க, வேலைக்குச் செல்லும் கட்டாயமும் இன்றிப் புட்டிப்பாலுக்கு மாறுவோரும் உளர். வறிய நாடுகளில் வசதி மிக்கோரே குறைந்த காலம் ஊட்டுகின்றனர் என்று 2016இல் லான்செற் மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வுத் தொடர் எடுத்துக்காட்டிற்று. அமார்த்திய சென் அடிக்கடி காட்டும் வேறுபாடு இங்கு உதவும்: நோன்பிருப்பவனும் பட்டினி கிடப்பவனும் உண்ணாமையில் ஒத்தவர், ஒருவனுக்கு உண்ணும் வாய்ப்பு உண்டு, மற்றவனுக்கு இல்லை. புட்டியைக் கையிற் பிடித்த இரு தாயரும் அவ்வாறே. எனினும் நோன்பு எப்போதும் முழு விருப்பத்தின் விளைவென்று கொள்வதும் அவசரமே. உலகெங்கும் தாயர் கூறும் முதற் காரணம் ‘பால் போதவில்லை’ என்ற ஐயம். அவ்வையத்தை யார் விதைத்தனர்? 1939இல், நமது கட்டளைச் சட்டம் பிறந்த அதே ஆண்டில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் சிங்கப்பூரில் நிகழ்த்திய உரையொன்றில், இனிப்பூட்டிய ரின்பாலைக் குழந்தையுணவென்று விற்பதைக் கொலையோடு ஒப்பிட்டார். 1977இல் நெஸ்லே நிறுவனத்துக்கெதிரான புறக்கணிப்பு அமெரிக்காவில் தொடங்கியது. 1981 மே மாதத்தில் உலகச் சுகாதாரப் பேரவை தாய்ப்பாற் பதிலிகளின் விற்பனை பற்றிய ஒழுக்கக்கோவையை 118 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே. ஒரு பொருளின் விற்பனைக்கு உலகமே விதி வகுக்க நேர்ந்ததெனில், அதனை வாங்கியவளின் ‘விருப்பம்’ அவள் உள்ளத்தில் மாத்திரம் பிறந்ததன்று என்று உலகமே ஒப்புக்கொண்டதாகும்.

தாயின் கடமை பற்றிப் பிறர் பேசுவது பழைய வழக்கம். 1762இல் வெளிவந்த ‘எமீல்’ நூலில் ரூசோ, தாயர் தாமே பாலூட்டினால் ஒழுக்கமெல்லாம் தாமே திருந்தும் என்ற பொருள்பட எழுதினார். தமக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளையும் அநாதையில்லத்திற்கு அனுப்பியவர் அவரே. நம்மவரோ பொன்முடியாரின் புறப்பாட்டை (312) எடுத்துக்கொண்டு, பெற்று வளர்ப்பது தாயின் கடன் என்ற முதலடியோடு நிறுத்திவிடுவர். அப்பாட்டு அங்கு நிற்கவில்லை. தந்தைக்கு ஒரு கடன், கொல்லனுக்கு ஒரு கடன், வேந்தனுக்கு ஒரு கடன், இறுதியில் மகனுக்கு ஒரு கடன் என்று அது பகிர்ந்துகொண்டே செல்கின்றது. தாயின் கடன் அந்த வரிசையில் ஒன்று. மற்றவர் கடன்கள் நிறைவேறும் உலகில் மாத்திரமே அது பொருளுடையது. வேந்தன் கடனைக் கூறும் அடிக்கு இரு பாடங்கள் உள்ளன: நல்லொழுக்கம் அளித்தல் என ஒன்று பொருள்படும், விளைநிலம் வழங்குதல் என மற்றொன்று. நிலமற்ற மக்களைப் பற்றி எழுதுகையில் எனக்கு இரண்டாவது பாடமே உவப்பாயிருக்கின்றது. 1952ஆம் ஆண்டின் இறப்பர்–அரிசி உடன்படிக்கையால் சீனத்து அரிசி இந்நாட்டின் அடுப்புகளுக்கு வந்தது. அதற்கு ஈடாகச் சென்ற பாலை வெட்டியோருட் பலர் 1949இல் வாக்குரிமை இழந்தவர்.

அங்ஙனமாயின் தாய்க்குப் பொறுப்பே இல்லையா? அவ்வாறு கூறவும் எனக்கு விருப்பமில்லை. எல்லாம் சூழ்நிலையே என்று அவளை விடுவிப்போர், அறியாமலே அவளை ஒரு பொருளாக்கிவிடுகின்றனர். அவள் எண்ணுகின்றாள், நிறுக்கின்றாள், முடிவெடுக்கின்றாள். முடிவெடுத்த பின் மனம் நோகின்றாள். அந்நோவு அவள் செயலாளி என்பதற்குச் சான்று. நம் இலக்கண நூலார் இதற்கும் வழி வைத்துள்ளனர். கருத்தா இருவகைப்படும்: தானே தொழில் செய்யும் இயற்றுதற் கருத்தா, பிறரைக்கொண்டு செய்விக்கும் ஏவுதற் கருத்தா. கோயிலைக் கட்டியவன் கொத்தனே. ஆயினும் அரசன் கட்டினான் என்கின்றோம். புகழுக்குரிய வினைகளிலெல்லாம் ஏவியவனை எழுவாயாக்கி, இயற்றியவனை மறந்துவிடுகின்றோம். பழிக்குரிய வினையிலோ இயற்றியவளை எழுவாயாக்கி, ஏவியவரை மறந்துவிடுகின்றோம்.

ஏவியவர் யார் என்று தேடினால் ஒரு துரையோ ஒரு கணக்கப்பிள்ளையோ அகப்படுவதில்லை என்பதே இவ்விடயத்தின் சிக்கல். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. விடியலில் வெட்டும் முறை மாறவில்லை. கங்காணி விதியைப் பின்பற்றுகின்றார், முகாமையாளர் இறப்பர் விலையைப் பின்பற்றுகின்றார், விலை உலகச் சந்தையைப் பின்பற்றுகின்றது. ஐரிஸ் மரியன் யங் என்ற அமெரிக்க மெய்யியலாளர், குற்றவாளி எனத் தனியொருவரைச் சுட்டமுடியாத இத்தகைய அநீதிகளில், அவ்வமைப்பினுள் பங்குகொள்வோர் அனைவர்க்கும் அதனை மாற்றும் பொறுப்பு உண்டென்றார். அரசு இதில் வெறும் பார்வையாளருமன்று. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய பெண்கள் வீட்டுப்பணிக்கு வெளிநாடு செல்வதை அது 2013இல் கட்டுப்படுத்திற்று. 2022இல் அவ்வயதை இரண்டாகக் குறைத்தது. தாய் அருகிலிருத்தல் குழந்தைக்கு இன்றியமையாதது என்னும் கொள்கை அவ்விதியில் இருந்தது. அதே கொள்கை பத்து வாரக் குழந்தையின் தாய் பிரட்டுக்களத்திற்குப் புறப்படும்போது நினைவுக்கு வரவில்லை.

மருத்துவமாதின் அட்டைக்கே மீள்வோம். பல கட்டை தூரம் நடந்து, தமக்குச் சரளமாக வராத மொழியில், நாளொன்றுக்குப் பல வீடுகளில் அக்கேள்வியைக் கேட்பவர் அவர். அவரைக் குறைகூறி ஆவதொன்றுமில்லை. அவர் கையிலுள்ள வினாவைத்தான் மாற்றவேண்டும். எத்தனையாம் மாதத்தில் நிறுத்தினீர்கள் என்பதை விட்டு, நீங்கள் வெட்டும் மலை எது, பிள்ளைமடுவம் அங்கிருந்து எத்தனை கட்டை, அது எத்தனை மணிக்குத் திறக்கும், நேற்று விடியலில் கொடுத்த பின் குழந்தைக்கு மறுபடி எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டுக் குறித்தால், ஒரு தோட்டத்து அட்டைகள் யாவற்றையும் அடுக்கிப் பார்க்கும் எவர்க்கும் எந்த மலையில் பால் நிற்கின்றது என்பது தெரியவரும்.